பாதயாத்திரைக்கு முன் பாதத்தைப் பாருங்கள்

தைப்பூசம் நெருங்கிவிட்டால் கொங்கு நாட்டுச் சாலைகளில் காவடிகள் அணிவகுக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்து பழனியாண்டவரை நாடி வெறுங்காலுடன் நடக்கும் அடியார்களுள் முதியோரும் உண்டு. அவர்கள் புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை கால் ஆணியும் காய்ப்பும்.

ஓரிடத்தில் அழுத்தமும் உராய்வும் தொடர்ந்தால், தன்னைக் காத்துக்கொள்ளத் தோல் தடிக்கிறது. பரவலாகத் தடித்தால் காய்ப்பு. நடுவில் இறுகி உள்நோக்கிக் குத்தினால் கால் ஆணி. பெயர் ஆணியாயினும் அதற்கு வேர் இல்லை. அழுத்தம் நீங்காதவரை, எத்தனை முறை அகற்றினாலும் திரும்ப வரும்.

வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் பாதத்தை ஊறவைத்து, பாதம் தேய்க்கும் கல்லால் மெல்லத் தேய்த்து, யூரியா கலந்த களிம்பு தடவிவர, தடிப்பு குறையும். மருந்துக் கடையில் கிடைக்கும் 'கார்ன் கேப்' பட்டையிலுள்ள சாலிசிலிக் அமிலம் தடித்த தோலைக் கரைக்கும். நழுவினால் நல்ல தோலையும் புண்ணாக்கும். மருத்துவர் கத்தியால் தடிப்பைச் சீவி எடுப்பதுண்டு. மென்மையான எம்.சி.ஆர். செருப்பு அழுத்தத்தைக் குறைக்கும். எலும்புப் புடைப்பே காரணமானால் மட்டுமே அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இவ்விதிகள் மாறும். வலிக்கும் கால் ஆணி நம்மை எச்சரிக்கிறது. உணர்ச்சி குன்றிய பாதமோ எச்சரிப்பதில்லை. வலியற்ற காய்ப்பின் அடியிலேயே புண் உருவாகலாம். காய்ப்பினுள் கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால், நீர் கசிந்தால், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கார்ன் கேப் ஒட்டுவதும், பிளேடால் சீவுவதும், வெந்நீரில் காலை வைப்பதும் இவர்களுக்கு ஆகா.

எனவே யாத்திரைக்குச் சில வாரங்களுக்கு முன்பே பாதத்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வெறுங்கால் நடை வேண்டாம் என்று அவர் சொன்னால் வருந்த வேண்டாம். செருப்பணிந்து நடந்து அடிவாரத்தில் கழற்றலாம். பழனியில் விஞ்சும் ரோப் காரும் உள்ளன. மருதமலைக்கு மேலே பேருந்தே செல்கிறது. அடியாரின் பாதத்தைப் புண்ணாக்கி மகிழ்பவனல்லன் தண்டபாணி.

நாள்தோறும் இறைவன் திருவடியைத் தொழும் நாம், இரவில் ஒருமுறை நம் உள்ளங்காலையும் பார்ப்போம். குனிய இயலாதவர் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். காலில் விழுந்து ஆசி பெறும் பேரப்பிள்ளைகளிடம், உள்ளங்காலையும் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். அதுவும் அவர்களுக்கு ஒரு புண்ணியமே.