அரண்மனை இன்று மூடல்!



விடுமுறைக்கு பாங்காக் போகிறவர்கள் முதலில் தேடுவது அங்குள்ள பெரிய அரண்மனையைத்தான். 1782ல் முதலாம் ராமா என்ற மன்னர் கட்டத் தொடங்கியது அது. உள்ளே மரகத புத்தர் கோவில் இருக்கிறது. அதன் சுற்றுச்சுவரில் தாய்லாந்து ராமாயணமான 'ராமகியன்' கதையை 178 ஓவியங்களாகத் தீட்டியிருக்கிறார்கள்.

அந்த அரண்மனை மதிலோரம் ஒரு பழைய ஏமாற்று வேலை நடக்கும். நன்றாக உடுத்திய ஒருவர் சிரித்தபடி வருவார். "இந்தியாவா? அடடா, அரண்மனை இன்று மூடல் ஆயிற்றே! பூஜை நடக்கிறது. மதியம் வாருங்கள்" என்பார். காசு கேட்க மாட்டார். அதனால்தான் நம்பி விடுகிறோம்! "அதுவரை வேறு கோவில்களைப் பாருங்களேன்" என்று ஒரு 'டுக்-டுக்'கைக் காட்டுவார். நம்மூர் ஆட்டோ மாதிரி வண்டி அது. ஊர் சுற்ற 20 பாட்தான் என்பார்கள். எரிபொருளுக்கே காணாத காசு!

வண்டி கடைசியில் நிற்பது ரத்தினக் கல் கடையில். "அரசு தள்ளுபடி, இன்றே கடைசி. உங்கள் ஊரில் விற்றால் இரு மடங்கு" என்பார்கள். மட்டமான கல்லைப் பல மடங்கு விலைக்குத் தலையில் கட்டி விடுவார்கள். ஓட்டுனருக்குக் கடையில் கமிஷன் உண்டு.

பெரியவர் பேசினால் நின்று கேள், வெடுக்கென்று பதில் சொல்லாதே என்று வகுப்பில் சொல்லித் தந்தவன் நான். இவர்கள் பிடித்துக்கொள்வது அந்த நல்ல பழக்கத்தைத்தான். மரியாதை கொடுப்பது வேறு. சொன்னதை நம்புவது வேறு. சிரித்து, நன்றி சொல்லிவிட்டு, வாசல்வரை நடந்து போய்ப் பாருங்கள். அரச நிகழ்ச்சிக்காக எப்போதாவது மூடுவது உண்டுதான். அதைச் சொல்ல வேண்டியவர் சீட்டு கொடுப்பவரோ, வாசல் காவலரோ. அப்பா தயங்கினால் நீங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போங்கள்!

இதற்காகத் தாய்லாந்துக்காரர் எல்லாரையும் சந்தேகப்படாதீர்கள். பாவம், அன்பானவர்கள். வழி தெரியாவிட்டால் நீங்களாகப் போய் ஒரு கடைக்காரரைக் கேளுங்கள், சொல்வார். தானாகத் தேடி வந்து உதவுகிறவரிடம்தான் ஜாக்கிரதை.

அங்கே சுற்றுலா போலீஸ் எண் 1155. ஆங்கிலத்தில் பேசலாம். பாஸ்போர்ட் நகலோடு ஒரு தாளில் எழுதிப் பையில் வையுங்கள்.

உள்ளே போனதும் ராவணனைத் தேடிப் பாருங்கள். அங்கே அவன் பெயர் தோட்சகன். உடம்பு பச்சை நிறம். சீதையிடம் வரும்போது மட்டும் முனிவர் வேடம்!