வாய் பொத்தாமல் சிரிக்க வேண்டும்

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியைச் சேர்ந்த பழங்குடி இளைஞர் ஒருவர் வனத்துறை வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறினார். உடல்திறன் தேர்விலும் தேறினார். ஆனால் வேலை கிடைக்கவில்லை. முன்பல் உந்தியிருக்கிறது என்று மருத்துவச் சான்றிதழில் எழுதியிருந்தார்கள். உந்திய பல் இருந்தால் அந்தப் பணிக்குத் தகுதியில்லை என்று தேர்வாணையத்தின் அறிவிக்கையிலேயே இருந்தது. சின்ன வயதில் கீழே விழுந்ததால் வந்த பல் அது. சரி செய்ய அந்தக் குடும்பத்திடம் பணமில்லை. 2022 டிசம்பரில் இது செய்தியானது. பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆணையம் வழக்குப் பதிவு செய்தது. பின்னர் கேரள அரசு, சீருடைப் பணிகளுக்கு உந்திய பல் தடையல்ல என்று விலக்கு அளித்தது.

காட்டில் ரோந்து போகிறவருக்குக் காலில் வலு வேண்டும், கண்ணில் பார்வை வேண்டும். பல்வரிசை எதற்கு? இந்தக் கேள்வியை விதி எழுதியவர்கள் கேட்கவில்லை. பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதிலேயே கிளிப் போட்டு நேராக்கிவிடுகிறார்கள். அதனால் இருபது வயதில் கோணல் பல்லோடு தேர்வு வரிசையில் நிற்பது பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். விதியில் சாதி பெயர் இல்லை. ஆனாலும் அது யாரை வெளியே நிறுத்தும் என்பது முன்பே தெரிந்த கதை.

திண்டுக்கல் மாவட்டத்துக் காலனிகளிலும் இதே பல், இதே பேச்சு. எத்துப்பல், கோணப்பல் என்று பள்ளிக்கூடத்திலேயே பட்டப்பெயர் விழுந்துவிடுகிறது. வேடசந்தூர் பக்கம் மில் வேலைக்குப் போகும் பெண்கள், நிலக்கோட்டையில் பூ எடுக்கப் போகும் பெண்கள், கல்லூரிக்கு பஸ் ஏறும் மாணவிகள் எனப் பலரிடம் இதைக் காணலாம்: சிரிப்பு வந்ததும் முந்தானையோ துப்பட்டாவோ வாய்க்குப் போய்விடும். போட்டோ எடுத்தால் உதட்டை இறுக்கிக்கொள்வார்கள். வசதியான வீட்டுப் பெண்ணுக்கு இருந்தால் 'தெத்துப்பல் அழகு' என்கிறார்கள். நம் வீட்டுப் பெண்ணுக்கு இருந்தால் அதுவே கேலி. சினிமாவில் ஒருவரைச் சேரிக்காரராகவோ பட்டிக்காட்டுக்காரராகவோ காட்டிச் சிரிக்க வைக்க, முகத்தில் கருப்பு பூசி, எடுப்பான பல்செட் மாட்டிவிட்ட காலமும் உண்டு.

வாய் பொத்துவது நமக்குப் புதிதல்ல. ஆதிக்கச் சாதியார் முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கி, கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேச வேண்டும் என்று நம் தாத்தாக்களுக்கு ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. மூச்சுக் காற்று பட்டாலும் தீட்டு என்றார்கள். 'கைகட்டி வாய்பொத்தி' என்று இன்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது ஒரு தலைமுறையின் உடம்பில் எழுதப்பட்ட சட்டம். 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது 8 தடைகள் விதிக்கப்பட்டன. தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. செருப்பும் குடையும் கூடாது. அந்தப் பட்டியலில் பெரும்பகுதி, தோற்றத்தைப் பற்றியது. ஒருவன் தன்னைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டால் அவனை அடக்க முடியாது என்பது தடை போட்டவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சட்டத்துக்கும் இது தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டு செய்த திருத்தத்தில், மொட்டையடிப்பது, மீசையை மழிப்பது, முகத்தில் சாயம் பூசுவது ஆகியவை பெயர் சொல்லிக் குற்றமாக்கப்பட்டன. முகம் என்பது மானத்தின் இடம் என்று நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டதற்கு அது சாட்சி.

ஆகவே, 'பட்டா கிடைக்கவில்லை, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, இதில் பல்லழகு ஒரு பிரச்சினையா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். பட்டாவும் பாதையும் கேட்டுக்கொண்டேதான் நம் முன்னோர் செருப்பும் போட்டார்கள், சட்டையும் போட்டார்கள். ஒன்று முடியட்டும், பிறகு மற்றது என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பல் போனால் சொல் போகும் என்பார்கள். நம் பிள்ளைகளுக்குப் பல் போகாமலே சொல் போகிறது. நேர்முகத் தேர்வில் பதில் தெரிந்தும் வாயைத் திறக்கத் தயங்கும் மாணவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

பல் கோணுவது யாருடைய குற்றமும் அல்ல. தாடை சிறியதாக, பல் பெரியதாக அமைவது பரம்பரை. மேல் கோரைப்பல் பதினோரு, பன்னிரண்டு வயதில், பக்கத்துப் பற்கள் இடம் பிடித்த பிறகு கடைசியில் முளைக்கிறது. இடமில்லாமல் மேலே ஏறி நிற்பதுதான் தெத்துப்பல். பால்பல் சொத்தையாகிச் சீக்கிரம் விழுந்தால், பக்கத்துப் பல் சாய்ந்து வரப்போகும் பல்லின் இடத்தை எடுத்துக்கொள்ளும். 'விழப்போகிற பல்தானே' என்று சொத்தையை விட்டுவிடுவது இதனால்தான் தவறு. நீண்ட நாள் விரல் சூப்புவது, வாயால் மூச்சு விடுவது, அடிபடுவது ஆகியவையும் காரணங்கள். ஃபுளோரைடு கறை வேறு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அந்தப் பழுப்புக் கறையைக் கம்பி போக்காது. அது வராமல் தடுக்கத் தேவை நல்ல தண்ணீர்.

'முப்பது வயதுக்கு மேல் கம்பி போட்டால் ஊர் சிரிக்கும்' என்ற பேச்சு காலனியில் உண்டு. மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. கம்பி பல்லை மெல்ல அழுத்துகிறது. அழுத்தும் பக்கம் எலும்பு கரைகிறது, மறுபக்கம் புது எலும்பு வளர்கிறது, பல் நகர்கிறது. இந்த வேலை நாற்பதிலும் ஐம்பதிலும் நடக்கும். ஈறும் எலும்பும் உறுதியாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஈறில் ரத்தம் வந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். வெற்றிலை, புகையிலை, பான் பழக்கத்தை விட வேண்டும். சிலருக்கு இடம் உண்டாக்க இரண்டு அல்லது நான்கு பல்லை எடுக்க வேண்டி வரலாம். பெரியவர்களுக்கு ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு, சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். கம்பியைக் கழற்றிய பிறகும் ரீட்டெய்னர் போட வேண்டும். போடாவிட்டால் பல் பழைய இடத்துக்குத் திரும்பும். ரப்பர் பேண்டை முன்பற்களில் மாட்டி இடைவெளியை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஈறுக்குள் ஏறிப் பல்லையே விழ வைத்துவிடும். எக்ஸ்ரே எடுக்காமல் கம்பி போடுகிறேன் என்பவரிடமும் போகாதீர்கள்.

கஷ்டம் செலவில்தான். ஒரு தனியார் கிளினிக்கில் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு நாள் வேலைக்கு 2025-26ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு ரூ.336. அப்படியானால் 90 நாள் கூலி கம்பிக்கே போய்விடும். மாதம் ஒருமுறை முறுக்கப் போனால் இரண்டு ஆண்டில் 24 நாள் வேலை போகும், அதுவும் ரூ.8,064. அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய மூன்று ஊர்களில் இருக்கின்றன. நமக்குப் பக்கம் புதுக்கோட்டை. பெண்களுக்கான கட்டணமில்லா டவுன் பஸ் கிராமத்திலிருந்து திண்டுக்கல் வரை வரும், புதுக்கோட்டை வரை போகாது. மாதம் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் மாறி, பிள்ளையை வீட்டில் விட்டு எத்தனை பேரால் போய்வர முடியும்?

அதனால் நான்கு கோரிக்கைகள்.

முதலாவது, 2022ல் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பல் சீரமைப்பு நிபுணர் வாரம் ஒரு நாளாவது கட்டாயம் இருக்க வேண்டும். அந்த நாள் எது என்று ஊராட்சிப் பலகையில் எழுதிப் போட வேண்டும்.

இரண்டாவது, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும், இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர் மாறியிருக்கும் விடுதிகளிலும், ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரை ஆண்டுதோறும் பல்வரிசையைச் சோதிக்க வேண்டும். அந்த வயதில் பார்த்தால் பாதிப் பேருக்குக் கம்பியே வேண்டாம் என்றாலும் ஆச்சரியமில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிக்கான செயல்திட்டச் சட்டத்தை 2024ல் தமிழ்நாடு இயற்றியது. அந்த நிதியில் இதற்கு இடம் வேண்டும்.

மூன்றாவது, எந்த அரசு வேலைக்கும் மருத்துவத் தகுதி என்பது வேலை செய்ய முடியுமா என்பதை மட்டுமே பார்க்க வேண்டும். ராணுவத்தில் சேர 14 பல் புள்ளிகள் வேண்டும் என்கிறார்கள். அது மெல்லும் திறனுக்கான கணக்கு, அதில் நியாயம் உண்டு. பார்க்க நன்றாயில்லை என்பது கணக்கே இல்லை. மாணவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே அறிவிக்கையின் மருத்துவப் பகுதியைப் படித்துவிடுங்கள். அநியாயமான விதி இருந்தால் அட்டப்பாடி இளைஞருக்கு நடந்ததைச் சொல்லி எழுதுங்கள்.

நான்காவது, வகுப்பில் ஒரு பிள்ளையைப் பல்லைச் சொல்லி அழைத்தால் ஆசிரியர் அதை அன்றைக்கே நிறுத்த வேண்டும். இதற்குப் பைசா செலவில்லை.

கம்பி வேண்டாம் என்பவர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. மெல்லவும் பேசவும் சிரமம் இல்லாவிட்டால், சொத்தையும் ஈறு நோயும் வராமல் துலக்க முடிந்தால், கோணல் பல்லோடு நூறு வயது வாழலாம். கடன் வாங்கி, கந்துவட்டிக்கு நகையை வைத்துப் பல்லை நேராக்க வேண்டிய அவசியம் ஒருவருக்கும் இல்லை. போடுவதும் விடுவதும் அவரவர் விருப்பம். காசில்லை என்பதற்காக விடுவதும், கேலிக்குப் பயந்து போடுவதும் விருப்பம் ஆகாது. சொந்தச் சம்பளத்தில் முப்பத்தைந்து வயதில் ஒரு மில் தொழிலாளி கம்பி போட்டுக்கொண்டு வந்தால், அவரைப் பார்த்துச் சிரிக்காமல், எந்த டாக்டர், எவ்வளவு ஆச்சு அக்கா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அது தேவைப்படும்.