மூளைக்குக் கரண்ட் குடுக்கிறார்களாம்!

நெற்றியில் கட்டுகிற பட்டி ஒன்று, உள்ளுக்குள் சின்னதாய் ஒரு பெற்றரி. இருபது நிமிசம் போட்டால் ஞாபகசக்தி கூடுமாம், கணக்கு ஓடுமாம், பந்து போடுகிற கையும் நேராகுமாம். இப்படியான விளம்பரங்கள் எங்கட வட்ஸ்அப் குழுமங்களுக்கும் வரத் தொடங்கிவிட்டன. "புலமைப்பரிசிலுக்கு முதல் எடுக்கலாமா?" என்று கீழே உம்மாமார் கேட்கிறார்கள். இனியும் நாங்கள் பேசாமல் இருக்க ஏலாது.

முதலில் சாமானைப் பார்ப்போம். ஈரமாக்கிய இரண்டு பஞ்சுத் துண்டுகளைத் தலையில் வைத்து, 1 அல்லது 2 மில்லி அம்பியர் மின்சாரம் விடுகிறார்கள். வெட்டுக்கொத்து இல்லை. கையை அசைக்கிற மூளைப் பகுதியின் உசார்நிலையை இப்படி மாற்றலாம் என்று 2000இல் ஜேர்மனியின் கோட்டிங்கனில் நிட்சே, பவுலுஸ் என்ற இருவர் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஆய்வுகள் பெருகின. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில், இல்லாத குரல் காதில் கேட்கிற மனச்சிதைவு நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே வைத்தியர் இருக்கிறார், அளவு இருக்கிறது, கண்காணிப்பு இருக்கிறது. அதோடு எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. சுகமாயிருக்கிற பிள்ளையின் தலையில் இதைக் கட்டி விற்கப் பார்க்கிறவர்களோடுதான் சண்டை.

அந்தக் கரண்ட் மூளைக்குப் போய்ச் சேருதா என்பதே பெரிய கேள்வி. நியூயோர்க்கில் புஸாக்கியின் குழு இறந்தவர்களின் உடல்களில் அளந்து பார்த்து 2018இல் எழுதியது: முக்கால்வாசி தோலிலும் மண்டையோட்டிலுமே போய்விடுகிறது. சரி, மிச்சம் போய்ச் சேர்ந்தது என்றே வைப்போம். 2013இல் ஒக்ஸ்போர்ட்டில் இயுகுலானோவும் கோஹென் கடோஷும் பெரியவர்களுக்குப் புதுவிதமான எண் குறியீடுகளைப் படிப்பித்துக்கொண்டே தூண்டல் கொடுத்தார்கள். மூளையின் ஒரு இடத்தில் கொடுத்தபோது ஆட்கள் கெதியாகப் படித்தார்கள். ஆனால் படித்தது யோசிக்காமலே தானாக வருகிற தன்மை கெட்டது. இன்னொரு இடத்தில் கொடுத்தபோது இது அப்படியே தலைகீழ். கணக்கைக் கூட்டிவிட்டு வாய்ப்பாட்டை மறக்கவைக்கிற வியாபாரம் எங்களுக்கு எதற்கு? நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் கடையில் விற்கிற ஒரு பட்டியையே எடுத்துச் சோதித்தார்கள். போட்டவர்களின் வேலை ஞாபகம் குறைந்தது!

விளையாட்டுக்கார தம்பிமாருக்கும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் 'ஹேலோ ஸ்போர்ட்' என்று ஒரு ஹெட்ஃபோன் 2016இல் வந்தது, வீரர்களின் தசைப் பயிற்சியை மூளையிலிருந்தே கூர்மையாக்கும் என்ற வாக்கோடு. சில வருசம்தான். 2021இல் அதன் தொழில்நுட்பத்தை மனச்சோர்வுக்குக் கருவி செய்கிற இன்னொரு கம்பனி வாங்கிக்கொண்டது. மைதானத்துக்கென்று கிளம்பிய சாமான் நோயாளியிடமே திரும்பிப் போனது.

பிள்ளையள் விசயம் இதைவிட மோசம். அவர்களின் மண்டையோடு மெல்லியது. பெரியவருக்குச் சொன்ன அதே அளவு அவர்களின் மூளைக்குள் கூடுதலாக இறங்கும். வளர்ந்துகொண்டிருக்கிற மூளையில் அது நாளைக்கு என்ன செய்யும் என்று விற்கிறவன் சொல்லமாட்டான். வீட்டில் தாங்களாகவே செய்து பார்க்கிறவர்களை எச்சரித்து 2016இல் இந்தத் துறை ஆய்வாளர்களே பகிரங்கக் கடிதம் எழுதவேண்டி வந்தது. மாற்றம் நீண்டகாலம் நிற்கலாம், ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றார்கள்.

இந்தப் படத்தை நாங்கள் முதலும் பார்த்திருக்கிறோம். இந்தியாவில் 'மிட்பிரெய்ன் அக்டிவேஷன்' என்று பிள்ளையின் கண்ணைக் கட்டி வாசிக்கவைத்துக் காசு பறித்தார்கள். மூக்கோரத்து இடைவெளியால் எட்டிப் பார்க்கிறார்கள் என்று மங்களூரின் நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் போட்டு உடைத்தார்கள். அன்று விற்பனையானதும் பெற்றோரின் பயம்தான், இன்று விற்பனையாவதும் அதுதான். பத்து வயதில் ஒரு சோதினையை வைத்து பிள்ளையைத் தரம் பிரிக்கிற நாட்டில் அந்தப் பயம் சும்மா வராது.

எங்கட பிள்ளையளின் தலையில் கரண்ட் குறைவு என்று யார் சொன்னது? மாரி வந்தால் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும். கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்கு வரவேண்டிய வாத்தியார் அந்தப் பக்கமே நிற்பார். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், இரவு இன்னொரு ரியூசன். மறுகா நித்திரை எப்ப? படித்தது மூளையில் பதிவதே நித்திரையில்தான், அதற்குப் பெற்றரி தேவையில்லை. பட்டிக்குக் கொடுக்கிற காசில் காலையில் ஒரு முட்டை, ஒரு கிளாஸ் பால் எத்தனை மாதத்துக்கு வரும் என்று கணக்குப் பாருங்கள்.

விற்க வாறவர் வரட்டும். அவரிடம் இதை மட்டும் கேளுங்கள். எத்தனை பிள்ளைகளில் சோதித்தீர்கள்? பாதிப்பேருக்குக் கரண்டை நிப்பாட்டிவிட்டு, யாருக்கு ஓடியது யாருக்கு ஓடவில்லை என்று தெரியாமல் மார்க் போட்டீர்களா? போட்டது யார், உங்களிடம் சம்பளம் வாங்குகிறவரா? அந்தத் தாளைக் காட்டும் வரைக்கும் உங்கட சொந்தப் பிள்ளையின் தலையில் கட்டிக்கொள்ளுங்கள் என்றுகூட நாங்கள் சொல்லமாட்டோம். அதுவும் ஒரு பிள்ளைதானே.