கரைந்து போவதா காதல்?

மலேசியாவின் சிலிம் ரிவரில் ஒரு கலியாண வைபவத்தில், தன்னை முற்றும் இழப்பதே உத்தமக் காதலென்றும் அதற்குக் கண்ணகியே சாட்சியென்றும் உபதேசித்த பெரியவர், சிலப்பதிகாரத்தைப் பாதியிலேயே மூடிவிட்டார் போலும். பிரிந்த கணவனை அடையச் சோமகுண்டம், சூரியகுண்டத்தில் மூழ்கிக் காமவேளைத் தொழும்படி தோழி தேவந்தி சொன்னபோது, அது தனக்குப் பெருமையன்றென மறுத்தவள் கண்ணகி. பின்னர்ப் பாண்டியன் சபையில் தனித்து நின்று வழக்குரைத்தவளும் சுயமிழந்த பேதையல்லள். தாய்வீடு செல்லவும் தோழியரோடு பேசவும் அஞ்சி, ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டி ஈட்டிய தன் சம்பளத்தையே கைநீட்டிக் கேட்டு நிற்கும் பெண்ணின் நிலையை ஐயா பக்தியென்கிறார், நான் பயமென்கிறேன். நம் தோட்டங்களின் கதையையே பாருங்கள்: 1943இல் சயாம் மரண ரயில்பாதைக்கு ஜப்பானியர் கொண்டுபோன மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் திரும்பவேயில்லை. அவர்தம் மனைவியரும் கரைந்தே போயிருந்தால், லயத்துப் பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்கை அவித்துப்போட்டது யாராம்?