உங்கள் போன் சிப்புக்குப் பின்னால் 33 வருடக் காத்திருப்பு: ஆலை மட்டும் கட்டினால் போதுமா?

விலை உயர்ந்த புது மாடல் போன் கையில் இருக்கிறதா? அதன் சிப், அநேகமாகக் கண்ணுக்கே தெரியாத ஓர் ஒளியால் 'அச்சடிக்கப்பட்டது'. 13.5 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அதிதீவிர புற ஊதாக் கதிர் அது. சுருக்கமாக, இயுவி. இந்த ஒளியில் சிப் அச்சிடும் இயந்திரங்களை விற்பதில் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்துக்குப் போட்டியே இல்லை.

துளி, லேசர், பிளாஸ்மா

இயந்திரத்துக்குள் உருகிய வெள்ளீயம் நொடிக்கு 50,000 துளிகளாகப் பாய்கிறது. ஒவ்வொரு துளியையும் லேசர் இரண்டு முறை தாக்கும். முதல் அடியில் துளி தோசை மாதிரி தட்டையாகிவிடும். அடுத்த அடியில் 2 லட்சம் டிகிரி செல்சியஸ் தாண்டிய பிளாஸ்மாவாகி, இயுவி ஒளியைக் கக்கும்.

லென்ஸ் இந்த ஒளியை விழுங்கிவிடும் என்பதால், அதைத் திருப்பிவிட விசேஷக் கண்ணாடிகள் உண்டு. தெறிக்கும் வெள்ளீயம் அவற்றில் படிந்தால் கதை முடிந்தது. அதனால் உள்ளே மிகக் குறைந்த அழுத்தத்தில் ஹைட்ரஜனை நிரப்புகிறார்கள். இயுவி பட்டதும் அதுவும் பிளாஸ்மாவாகிறது. ஆனால் இது வேறு ரகம். எலெக்ட்ரான்களுக்குத்தான் ஆற்றல் அதிகம், வாயு அவ்வளவாகச் சூடாகாது. டியூப்லைட்டுக்குள் இருப்பதும் இதே குறைவெப்ப பிளாஸ்மாதான்.

இந்த ஹைட்ரஜன், படிந்த வெள்ளீயத்தை வாயுவாக மாற்றி வெளியேற்றுகிறது. அதே சமயம் கண்ணாடியின் மேல்பூச்சையும் கெடுக்கக்கூடும். எல்லாமே கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடப்பதால் நேரடியாக அளப்பது கடினம். லேசர் எவ்வளவு ஆற்றலைக் கொடுக்கும், துளி எப்படி விரியும், வாயு என்ன செய்யும் என்று கணினி மாதிரிகளில் கணக்குப் போட்டுத்தான் விடை தேட வேண்டியிருக்கிறது.

லாபம் எப்போது வந்தது?

1986-ல் ஜப்பானின் ஹிரோ கினோஷிட்டா, இவ்வகைக் கதிரால் படம் பதிக்க முடியும் என்று காட்டியபோது சக ஆய்வாளர்கள் நம்பவில்லை. பிறகு அமெரிக்க அரசின் லிவர்மோர் போன்ற ஆய்வகங்களிலும் ஆராய்ச்சி தொடர்ந்தது. இயுவியில் அச்சான சிப்போடு போன்கள் கடைக்கு வந்தது 2019-ல். 33 வருடம்! பத்தாவது வருடத்திலேயே "இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்டு நிதியை நிறுத்தியிருந்தால், இன்று இந்தத் தொழிலே இல்லை.

நமக்கு என்ன?

சிப் துறைக்காக இந்திய அரசு 2021-ல் 76,000 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்தது. குஜராத்தின் தோலேராவில் திட்டமிடப்பட்ட ஆலை 28 நானோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள சிப்களுக்கானது. அதற்கு இயுவி தேவையில்லை. தொடக்கத்துக்கு அது சரிதான். நடக்கப் பழகாமல் ஓட முடியாது.

ஆனால் ஆலையையும் இயந்திரத்தையும் காசு கொடுத்து வாங்கிவிடலாம். முப்பது வருட அனுபவத்தை வாங்க முடியாது. காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. லேசரும் கணினி மாதிரியும் தெரிந்த இளம் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். சிப் ஆலைக்கான பணத்தில் ஒரு சிறு பங்கையாவது, உடனடி லாபம் கேட்காமல், இவர்களுக்கு நீண்ட காலத்துக்கு ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை இயந்திரத்துக்கும் நாம் வாடிக்கையாளராகத்தான் வரிசையில் நிற்போம்.