லூனாவுக்குப் பதில் செர்னிச்: பிளே-ஆஃப் இடம் யாரால் கிடைத்தது?

கொச்சி, ஏப். 20: பருவத்தின் நடுவே நட்சத்திர வீரர் ஒருவரைச் சேர்த்தால் பிளே-ஆஃப் இடம் உறுதியாகிவிடுமா? ஐஎஸ்எல் கால்பந்துத் தொடரில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி, புவனேஸ்வரத்தில் வெள்ளிக்கிழமை ஒடிசாவிடம் கூடுதல் நேரத்தில் 2-1 எனத் தோற்று வெளியேறிய நிலையில் இக்கேள்வி எழுந்துள்ளது.

கடந்த டிசம்பரில் கேப்டன் அட்ரியன் லூனா முழங்கால் காயத்தால் விலகினார். ஜனவரியில் லிதுவேனிய தேசிய அணியின் கேப்டன் ஃபெடோர் செர்னிச் ஒப்பந்தமானார். அதற்கு முன் 12 ஆட்டங்களில் 26 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்த அணி, பிந்தைய 10 ஆட்டங்களில் 7 புள்ளிகளே பெற்று 5-ஆம் இடத்துக்குச் சரிந்தது. அதற்கு செர்னிச் காரணமல்ல. ஆட்டத்தை வடிவமைத்தவர் இல்லாத இடத்தில் கோலடிப்பவரை நிறுத்தியதே சிக்கல்.

ஆறாமிடம் பெற்ற சென்னையின் எஃப்சியின் புள்ளிகள் 27. வாய்ப்பிழந்த நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்கு 26. ஆக, பிளே-ஆஃப் இடத்தின் பெரும்பகுதி டிசம்பரிலேயே ஈட்டப்பட்டுவிட்டது. எனினும் அந்த 7 புள்ளிகள் இல்லையெனில் அது கைநழுவியிருக்கும். அவற்றில் மூன்று, 0-2 எனப் பின்தங்கியிருந்து கோவாவை 4-2 என வென்றபோது கிடைத்தவை. நான்காவது கோல் செர்னிச்சுடையது.

வராத சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசும் மிளகு முன்பேர வணிகம் மட்டாஞ்சேரி ஜூ டவுனில் பல்லாண்டு நடந்தது. ஜனவரி ஒப்பந்தங்களும் ஏறத்தாழ அத்தகையவையே.

வெள்ளிக்கிழமை ஆட்டத்திலும் பிளாஸ்டர்ஸுக்கு முன்னிலை தந்தவர் செர்னிச்தான். 87-ஆவது நிமிடம் வரை அது நிலைத்தது.