எடையைப் பார்த்துக் குடலைக் கணிக்காதீர்கள்

குடல் நோய்க்காரி என்றால் எலும்பும் தோலுமாகத்தான் இருப்பாள் என்று எங்கள் சித்தையன்கோட்டையில் நினைக்கிறார்கள். என் எடை 78 கிலோ. அதனாலேயே என் வயிற்று உபாதையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாப்பிட்டதும் வயிறு உப்பிக் கல்லாகிவிடும். சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல். இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு விழுங்கியும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. "ஒனக்கென்னக்கா, ஒடம்பு நல்லாத்தானே இருக்கு" என்பார்கள் தெருவில். போன இடத்திலெல்லாம் கேஸ் மாத்திரை தந்து, "சோத்தைக் கொறைங்கம்மா, நடங்க" என்றார்கள். சோற்றை விட்டு ராத்திரிக்குச் சப்பாத்திக்கு மாறினேன். உபாதை கூடியது. கடைசியில் மதுரையில் ஒரு குடல் மருத்துவர், என் எடையை விட்டுவிட்டு ரத்தசோகையைப் பிடித்துக்கொண்டு, டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். என்டோஸ்கோப்பியில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, சீலியாக் நோய் என்று உறுதி செய்தார்கள்.

கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், நம் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும் நோய் இது. சிறுகுடலின் தொடக்கப் பகுதிதான் முதலில் அடிபடும். இரும்புச்சத்து முக்கியமாக உறிஞ்சப்படுவதும் அங்கேதான். மாவையும் கொழுப்பையும் மிச்சக் குடல் ஓரளவு சமாளித்துவிடும். குண்டான உடம்பில் ரத்தசோகை நிற்பது இப்படித்தான். நோய் தெரியவரும்போது சாதாரண எடையிலோ அதற்கு மேலோ இருக்கும் பெரியவர்கள் பல நாடுகளில் ஏராளம்.

இது நம் பக்கத்தில் அரிய நோய் என்பது உண்மை. 2016-இல் வேலூர் சி.எம்.சி.யும் மற்ற நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, பெரியவர்களில் ஆயிரம் பேருக்கு வட இந்தியாவில் 8.53 பேர், தெற்கில் 0.11 பேர் மட்டுமே. ஆனால் இந்நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில்தான்: அங்கே ஒருவர் சராசரியாக நாளுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், இங்கே 25 கிராம். அந்த 25 கிராம் நம் வீடுகளில் அப்படியே நிற்கிறதா? சர்க்கரை வந்த வீடுகளில் இரவானால் சப்பாத்தி, கடைக்குப் போனால் பரோட்டா, காலையில் ரவை உப்புமா, சேமியா. அரிய நோய் என்ற பழைய கணக்கை வைத்து நம் மருத்துவர்கள் இனியும் இதை நினைக்காமலே விடக்கூடாது.

வயிறு உப்புகிற எல்லோரும் கோதுமையை விடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாத்திரைக்கு அடங்காத ரத்தசோகையும் நாள்பட்ட வயிற்று உபாதையும் சேர்ந்திருந்தால், ஆள் ஒல்லியோ குண்டோ, டிடிஜி பார்க்கவேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும். பரிசோதனைக்கு முன்னாலேயே கோதுமையை நிறுத்திவிடவும் கூடாது. நிறுத்தினால் ரத்தத்தில் அடையாளம் குறைந்து, நோய் இருந்தும் இல்லையென்று வந்துவிடும்.

நெல் விளையும் ஊரில் இருப்பதால், கோதுமையை விட்ட எனக்குச் சோறும் இட்லியும் போதும். தொல்லை கொடுத்தது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும்; டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சாம்பார், ரசம், ஊறுகாய் என்று அது நுழையாத பாத்திரம் இல்லை. அந்த எழுத்து முன்பக்கம் வரவேண்டும்.

குடல் ஆறியதும் எடை கூடலாம் என்று மருத்துவர் முன்பே சொன்னார். கூடியிருக்கிறது, அதைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன். உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் இது வர வாய்ப்பு அதிகம் என்பதால் தங்கையையும் டிடிஜி பார்க்கக் கூப்பிட்டிருக்கிறேன். அவளும் என்னைப்போல் குண்டுதான்.